ஆறு ஒன்று, இலாகாக்கள் பல: வைகை வடிநிலத்திலிருந்து ஒரு பாடம்

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுமேயன்றி, ஜில்லா எல்லையையோ, தாலுகா எல்லையையோ, இலாகாக்களின் அதிகார எல்லையையோ பார்த்து ஓடுவதில்லை. இவ்வுண்மையைக் குடியானவர் ஒவ்வொருவரும் அறிவர். ஆயினும், தண்ணீரைக் காக்கும் பொறுப்பு பல இலாகாக்களுக்குப் பங்கிடப்பட்டிருக்கிறது. மலைக்காடு ஓர் இலாகாவின் வசம். அணை மற்றொன்றின் வசம். ஊர்க் கண்மாய் வேறொன்றின் வசம். கண்மாய் அமைந்த நிலமோ இன்னுமொன்றின் வசம். இப்பங்கீட்டினால் விளையும் நன்மை யாது, தீமை யாது, அத்தீமையைக் குறைக்கக் கிராமக் கூட்டுறவுச் சங்கம் செய்யக்கூடியது யாது என்பவற்றை வைகையாற்றை உதாரணமாகக் கொண்டு இப்பாடத்தில் ஆராய்வோம்.

தண்ணீர் விஷயத்தில் கடன் சங்கத்துக்கு என்ன வேலை என்று சில அங்கத்தினர்கள் கேட்கலாம். 1904-ஆம் வருஷத்துச் சட்டத்தின்கீழ் கூட்டுறவுச் சங்கங்கள் தோன்றிய காலந்தொட்டு, அவற்றின் முதன்மையான தொழில் பயிர்க்கடன் கொடுத்தலாகும். கடனாகச் சென்ற பணம் விதையாகவும் உரமாகவும் வயலில் நிற்கிறது. அவ்வயலோ கண்மாய்த் தண்ணீரை நம்பி நிற்கிறது. கதிர் பிடிக்கும் தருணத்தில் கண்மாய் வற்றினால், கருகுவது பயிர் மாத்திரமன்று. சங்கத்தின் முதலும் கருகிப்போகிறது. ஆகையால் கண்மாயின் கணக்கைச் சங்கத்தின் கணக்காகவே கொள்ளுதல் வேண்டும்.

வடிநிலம் என்பது யாது?

எவ்வெல்லைக்குள் விழும் மழைநீர் முடிவில் ஓர் ஆற்றையே வந்து சேருமோ, அவ்வெல்லைக்குட்பட்ட நிலப்பரப்பு முழுவதும் அவ்வாற்றின் வடிநிலம் எனப்படும். வருஷநாட்டு மலைகளில் தோன்றும் வைகை, சுருளியாறு, வராகநதி, மஞ்சளாறு முதலிய துணையாறுகளைச் சேர்த்துக்கொண்டு, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் பரந்து கிடக்கும் சுமார் 7,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் நீரைத் தாங்கி வருகிறது. ஆற்றின் நீளம் சுமார் 258 கிலோமீட்டர். மற்ற ஆறுகளைப்போல் நேரே கடலில் பாயாமல், ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து புகுந்து, மிகுதி நீர் மாத்திரமே கடலை அடைவது இவ்வாற்றின் தனிச்சிறப்பாகும்.

வடிநிலத்தின் அளவைக் கொண்டு நீர்வரத்தைக் கணக்கிடலாம். ஒரு சதுர மைல் நிலத்தில் ஓர் அங்குல மழை பெய்தால், விழும் நீர் 23,23,200 கன அடி. அதாவது 53 ஏக்கர் அடிக்குச் சற்று மேல். (ஓர் ஏக்கர் நிலத்தில் ஓர் அடி உயரம் நிற்கும் நீர் ஓர் ஏக்கர் அடியாகும்.) நிலம் குடித்ததும் வெயில் உறிஞ்சியதும் போக, இதில் நாலில் ஒரு பங்கே கண்மாய்க்கு வந்து சேர்வதாக வைத்துக்கொண்டாலும், 13 ஏக்கர் அடி கிடைக்கும். வரத்துக்கால் அடைபட்டிருந்தாலோ, மழை பெய்தும் அந்த 13 ஏக்கர் அடி வேறு எங்கோ போய்விடும். ஊரிலுள்ளோர் மழையைக் குறை கூறுவர். குறை வரத்துக்காலில் இருக்கும்.

முன்னோர் வகுத்த முறை

வைகை வருஷம் முழுவதும் ஓடும் ஆறு அன்று. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சில வாரங்கள் பெருகிப் பின் மணலாய்க் கிடப்பதே அதன் இயல்பு. இதனையறிந்த பாண்டி நாட்டு முன்னோர், ஆற்றின் இருமருங்கும் கால்களை வெட்டி, கண்மாய்களைச் சங்கிலிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைத்தனர். மேல் கண்மாய் நிறைந்து கலுங்கில் வழியும் நீர் மறுகால் வழியே கீழ்க் கண்மாயை அடையும். ஆகவே எக்கண்மாயும் தனிக் கண்மாயன்று. மேலூர்க் கலுங்கின்மேல் மணல்மூட்டையை அடுக்கி மட்டத்தை உயர்த்தினால், கீழூர் வயல் காயும். கீழூர் மறுகாலை அடைத்தால், மேலூர்க் கரைக்கு ஆபத்து நேரும். ஓர் ஊரின் லாபநஷ்டம் மற்றோர் ஊரின் நடத்தையில் அடங்கியிருப்பதே இம்முறையின் அடிப்படையாகும்.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்துக்குப் பின், மேற்கே ஓடி அரபிக்கடலில் சேரும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை வலுப்பெற்றது. 1886-ஆம் வருஷத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துடன் 999 வருஷக் குத்தகை உடன்படிக்கை ஏற்பட்டது. பென்னிகுயிக் என்னும் இஞ்சினீயரின் மேற்பார்வையில் கட்டப்பட்ட அணை 1895-ஆம் வருஷத்தில் திறக்கப்பெற்றது. மலையைக் குடைந்து அமைத்த சுமார் ஒரு மைல் நீளமுள்ள சுரங்கத்தின் வழியே பெரியாற்று நீர் வைகை வடிநிலத்துள் புகுந்தது. அந்நீரையும் வைகை வெள்ளத்தையும் தேக்கி வைக்க, ஆண்டிபட்டிக்கு அருகில் வைகை அணை கட்டப்பட்டு 1959-ஆம் வருஷத்தில் திறக்கப்பட்டது.

இவ்வேலைகளால் மதுரைப் பிரதேசத்து வயல்கள் பெற்ற நன்மை மிகப் பெரிது. எனினும், ஆற்றின் தலைப்பகுதியில் நீரைத் தேக்கும் அணையொன்று ஏற்பட்டவுடன், முன்பு வெள்ளத்தை நம்பியிருந்த கீழ்ப்பகுதிக் கண்மாய்கள் சர்க்காரின் திறப்பு உத்தரவை நம்பியிருக்கும் நிலை உண்டாயிற்று. பேரணை, விரகனூர், பார்த்திபனூர் மதகுகளில் நீரை எவ்வெப்பொழுது எந்த வீதத்தில் பிரிப்பது என்பதே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஜில்லாக் குடிகளின் வாழ்வை நிர்ணயிக்கும் விஷயமாயிற்று.

பொறுப்பு யார் யாருடையது?

இன்று வைகைத் தண்ணீரின்மேல் அதிகாரமுடைய இலாகாக்களை மலையிலிருந்து கடல்வரை வரிசையாகக் கூறுவோம்.

மலைக்காடு வன இலாகாவைச் சேர்ந்தது. ஆற்றின் தோற்றுவாய் அமைந்த மேகமலைப் பகுதி 2021-ஆம் வருஷத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாயிற்று. பெரியாற்று அணை கேரள எல்லைக்குள் இருப்பதால், அதன் நீர்மட்டம் இரு ராஜ்யங்களுக்கிடையே வழக்காகி, 142 அடிவரை நீர் தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ஆம் வருஷத்தில் தீர்ப்பளித்தது. அந்நீர் மலையிலிருந்து இறங்குகையில் அதைக்கொண்டு மின்சாரம் எடுப்பது மின்வாரியம். வைகை அணையும், மதகுகளும், 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஆயக்கட்டுள்ள கண்மாய்களும் முன்பு பொதுப்பணி இலாகாவிடம் இருந்தன. 2021-ஆம் வருஷத்தில் தனியாகப் பிரிக்கப்பட்ட நீர்வள இலாகாவிடம் இப்பொழுது இருக்கின்றன. அதற்குக் குறைந்த ஆயக்கட்டுள்ளவை பஞ்சாயத்து யூனியனின் பொறுப்பு. கண்மாயின் உள்வாய், வரத்துக்கால் முதலிய புறம்போக்கு நிலங்களின் கணக்கும் ஆக்கிரமிப்பு விசாரணையும் ரெவின்யூ இலாகாவைச் சேர்ந்தவை. ஆற்று மணலுக்கும் வண்டலுக்கும் அனுமதியளிப்பதில் கனிமவள இலாகாவுக்குச் சம்பந்தமுண்டு. குடிநீருக்கு 1971-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட குடிநீர் வடிகால் வாரியமும், நகரில் மாநகராட்சியும் பொறுப்பு. கழிவுநீர்க் கேட்டைக் கண்காணிப்பது 1982-ஆம் வருஷத்தில் அமைந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பயிரைப்பற்றிச் சொல்வது விவசாய இலாகா. மீனைப்பற்றிச் சொல்வது மீன்வள இலாகா. வரத்துக்காலின் குறுக்கே பாலம் கட்டுவது நெடுஞ்சாலை இலாகா.

இவ்விலாகாக்கள் யாவும் அவசியமானவையே. காட்டைக் காக்கும் வித்தை வேறு, மதகு கட்டும் வித்தை வேறு. தொழிற்பிரிவினால் திறமை வளர்கிறது. ஆனால், ஒவ்வோர் இலாகாவும் தன் வேலையைச் செவ்வையாகச் செய்தும் கண்மாய் கெட்டுப்போகக்கூடும் என்பதே நாம் ஆராய வேண்டிய விஷயமாகும்.

கேடு விளையும் வகை

விறகுப் பஞ்சத்தைத் தீர்க்கும் நல்ல நோக்கத்துடன் கண்மாய் உள்வாய்களில் கருவேல் நடப்பட்டது. விறகு கிடைத்தது, மரங்கள் வெட்டு முதிர்வு அடையும்வரை அவ்விடங்களில் வண்டல் எடுக்க இயலவில்லை. பின்னர்த் தானே பரவிய சீமைக் கருவேல், உள்வாயையும் வரத்துக்காலையும் மூடிக்கொண்டது. அதை வேரோடு களைய வேண்டுமென்பது நியாயமே. எனினும், ராமநாதபுரச் சீமையில் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு அதுவே ஜீவனமாயிருப்பதையும் மறத்தலாகாது.

மீன்பாசிக் குத்தகையால் பஞ்சாயத்துக்கு வருமானம் உண்டு. ஆனால், மீனைச் சீக்கிரம் பிடிக்க விரும்பும் குத்தகைதாரர் மடையைத் திறந்துவிட முயல்வதும், கடைசித் தண்ணீரை நம்பிய பயிர்க்காரர் தடுப்பதும் பல ஊர்களில் கண்ட தகராறாகும். சாலை போடுவோர் வரத்துக்காலின் குறுக்கே சிறு குழாயைப் பதித்துவிட்டால், சாலை நன்றாயிருக்கும், கண்மாய் நிறையாது. ஆற்றில் மணல் மிகுதியாக அள்ளப்பட்ட இடங்களில் ஆற்றின் தரை தாழ்ந்து, கால்வாயின் தலைமடை மேட்டில் நின்றுவிடுகிறது; அங்கே கால்வாயை எவ்வளவு தூர் வாரினும் நீர் ஏறாது. மதுரையைச் சுற்றி முன்பு கண்மாயாயிருந்த இடங்களில் வீடுகள் மாத்திரமன்றிச் சர்க்கார் கட்டடங்களும் எழுந்துள்ளன. நகரின் கழிவுநீர் ஆற்றில் கலந்து கீழ்ப்பகுதிக் கண்மாய்களைச் சேர்கிறது.

இவற்றுள் எந்த ஒன்றுக்கும் ஒரே இலாகாவைக் குற்றவாளியாக்க இயலாது. ஒவ்வொருவரும் ஆற்றின் ஒரு துண்டைப் பார்க்கின்றனர். மழை விழும் மேட்டிலிருந்து கடைமடை வயல்வரை முழுவதையும் நாள்தோறும் பார்ப்பவர் அவ்வூர்க் குடிகள் மாத்திரமே.

சட்டமும் திட்டமும்

இலாகாக்களை ஒன்றுசேர்க்கும் முயற்சி புதிதன்று. கண்மாய் வேலையைக் குடிகள் கூடிச் செய்யும் குடிமராமத்து வழக்கத்தைக் காக்க, பிரிட்டிஷ் ஆட்சியில் 1858-ஆம் வருஷத்தில் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் ஏற்பட்டது. வழக்கப்படி வேலைக்கு வராதவர் அவ்வேலையின் மதிப்பைப்போல் இருமடங்கு செலுத்த வேண்டுமென்று அது விதித்தது. தண்டனையால் ஊர் ஒற்றுமையை வளர்க்க இயலாது என்பதை அச்சட்டத்தின் பிற்கால நிலை காட்டிற்று. 1883-ஆம் வருஷத்தில் ஏரிகள் சீரமைப்புத் திட்டம் தொடங்கிற்று. ஏரிகளை வடிநிலவாரியாக அளந்து, ஒவ்வொன்றின் கரை உயரம், கலுங்கு மட்டம், மடையின் அளவு ஆகியவற்றைக் குறிப்பேட்டில் பதிந்தது இத்திட்டத்தின் நிலையான பலனாகும்.

1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ராமநாதபுரம், சிவகங்கை ஜமீன் கண்மாய்கள் சர்க்கார் வசமாயின. 1958-ஆம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தையொட்டிச் சிறு கண்மாய்கள் யூனியன்களிடம் சேர்ந்தன. இவ்விதமாக, ஒரே சங்கிலியிலுள்ள மேல் கண்மாய் ஓர் இலாகாவிடமும் கீழ்க் கண்மாய் மற்றோர் இலாகாவிடமும் இருக்க நேர்ந்தது. ஆயக்கட்டின் அளவைக் கொண்டு வகுத்த பிரிவு நிர்வாகத்துக்கு எளிது. ஆனால் தண்ணீரின் தொடர்ச்சியை அது கருதவில்லை.

1987-ஆம் வருஷத்துத் தேசிய நீர்க்கொள்கை, நீர்த்திட்டங்களை வடிநிலம் முழுவதையும் ஒன்றாகக் கருதியே வகுக்க வேண்டுமென்று கூறிற்று. 2000-ஆம் வருஷத்தில் தமிழ்நாட்டில் இயற்றப்பட்ட உழவர் நீர்ப்பாசன மேலாண்மைச் சட்டம், பாசனத்தாரே தேர்ந்தெடுக்கும் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்கு இடமளித்தது. 2007-ஆம் வருஷத்தில் உலக வங்கியின் உதவியுடன் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம், 60-க்கு மேற்பட்ட உபவடிநிலங்களில் பாசனம், விவசாயம், தோட்டக்கலை, மீன்வளம், கால்நடை முதலிய இலாகாக்களை ஒரே திட்டத்தில் சேர்த்து வேலை செய்வித்தது. அதே வருஷத்தில் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டமும் ஏற்பட்டது. 2017-ஆம் வருஷத்தில் குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டு, வேலை மதிப்பில் பத்தில் ஒரு பங்கைப் பாசனத்தார் பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ அளிக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது.

இவற்றால் அறியத்தக்கது ஒன்று. இலாகாக்களை ஒரு திட்டம் ஒன்றுசேர்க்கலாம். திட்டக் காலம் முடிந்ததும் அவை தத்தம் வழியே செல்வது இயல்பு. திட்டத்துக்கு முன்னும் பின்னும் ஊரில் நிலைத்திருப்பது குடிகளின் சங்கமே.

கண்மாய்க் கணக்கு

நீர்ப்பரப்பு 100 ஏக்கரும் சராசரி ஆழம் 5 அடியும் உள்ள ஒரு கண்மாயைக் கொள்வோம். அதன் கொள்ளளவு 500 ஏக்கர் அடி. பரப்பு முழுவதிலும் ஓர் அடி வண்டல் படிந்தால், ஒவ்வொரு நிரப்புக்கும் 100 ஏக்கர் அடி குறையும். மழையும் பாசனமும் சேர்ந்து நெல்லுக்குச் சுமார் 4 அடி நீர் வேண்டுமெனக் கொண்டால், இழந்த நீர் 25 ஏக்கர் நெல்லுக்குச் சமம். ஒன்றரை அடியில் விளையும் சிறுதானியமாயின், 66 ஏக்கருக்குச் சமம். ஆகையால் எப்பயிர் இடுவது என்பதும் தண்ணீர்த் திட்டத்தைச் சேர்ந்ததே.

தூர் வாருவதிலும் முறையுண்டு. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்து நீர் வயலுக்கு ஏறாது. கால்நடைக்கும் கிணற்று ஊற்றுக்குமே உதவும். கரையின் அடியை ஒட்டித் தோண்டினால் கரை பலவீனப்படும். வரத்துக்கால் அடைபட்டிருக்க உள்வாயை மாத்திரம் ஆழப்படுத்துதல், வாய் கட்டிய குதிரை ஆழமாக்குவதை ஒக்கும். முதலில் வரத்துக்கால், அடுத்து மடையும் கலுங்கும், பின்பு கரை, கடைசியில் உள்வாய் என்னும் வரிசையே நலம்.

சங்கம் செய்ய வேண்டியவை

கூட்டுறவுச் சங்கத்துக்கு மடையைத் திறக்கவோ ஆக்கிரமிப்பை அகற்றவோ சட்டப்படி அதிகாரமில்லை. ஆனால், கணக்கெழுதும் பழக்கமும், கூட்டம் கூடும் இடமும், யாவரும் நம்பும் தஸ்தாவேஜும் அதனிடம் உண்டு. இவற்றைக் கொண்டு பின்வருவனவற்றைச் செய்யலாம்.

முதலாவது, கண்மாய்ப் பதிவேடு ஒன்று வைத்தல். பழைய குறிப்பேட்டின் நகலை நீர்வள இலாகாவிடம் கேட்டுப் பெறலாம்; கிடைக்காவிடில் 2005-ஆம் வருஷத்துத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் நீர் வந்த தேதி, நிறைந்த தேதி, வற்றிய தேதி, விளைந்த ஏக்கர் ஆகியவற்றை நீர்ப்பாய்ச்சியிடம் கேட்டு எழுதிவர வேண்டும்.

இரண்டாவது, வரத்துக்காலைத் தலைமுதல் கடைவரை நடந்து பார்த்தல். ஆடி மாதத்தில் இதைச் செய்து, அடைப்பு ஒவ்வொன்றின் சர்வே நம்பரையும், அது எவ்விலாகாவின் பொறுப்பென்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, ஒரே மனுவை எல்லா இலாகாக்களுக்கும் அனுப்புதல். ஒவ்வோர் இலாகாவுக்கும் தனித்தனி மனு கொடுத்தால், ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சுட்டிக்காட்டிப் பதிலெழுதும். எவருக்கு எவ்வேலை என்று ஒரே தாளில் கண்டு, கலெக்டருக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கும் சமர்ப்பித்தால், ஒருவர் பொறுப்பை மற்றவர் அறிவர்.

நான்காவது, மேலூர், கீழூர்ச் சங்கங்களுடன் வருஷத்துக்கு இருமுறையேனும் கூடுதல். இதுவே எல்லாவற்றிலும் கடினமானது. இலாகாவிடம் நியாயம் கேட்பது எளிது. நம் கலுங்கின்மேல் நாம் அடுக்கிய மணல்மூட்டையை நாமே எடுப்பது அரிது. உள்வாயில் பயிரிட்டிருப்பவர் நம் சங்க அங்கத்தினராகவே இருக்கக்கூடும். அவர் ஏழையாயின், அவருக்கு வேறு வழி காட்டுவதும் சங்கத்தின் கடமையாகும். தன் ஊர் ஆக்கிரமிப்பை மறைத்து அடுத்த ஊர் ஆக்கிரமிப்பைப்பற்றி எழுதும் மனுவுக்கு மதிப்பு உண்டாகாது.

கடைமடை நிறைந்ததா என்பதைக் கொண்டே ஒரு நீர்த்திட்டத்தின் யோக்கியதையை அளத்தல் வேண்டும். தலைமடை வயல் எத்திட்டத்திலும் விளையும். கடைமடை வயலில் கதிர் முற்றியதாயின், மலைக்காடு முதல் மறுகால்வரை ஒவ்வொருவரும் தம் கடமையைச் செய்தனர் என்பதற்கு அதைவிடச் சிறந்த சாட்சி வேண்டியதில்லை.

சங்கக் கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் கண்மாய் எந்த ஆற்றின் வடிநிலத்தைச் சேர்ந்தது? அதற்கு மேலும் கீழும் உள்ள கண்மாய்கள் எவை? அவை எவ்விலாகாக்களின் வசத்தில் உள்ளன?

2. நம் கண்மாயின் நீர்ப்பரப்பு, சராசரி ஆழம், ஆயக்கட்டு ஆகியவற்றைக் கொண்டு, ஒரு நிரப்பில் எத்தனை ஏக்கர் நெல் விளையும், எத்தனை ஏக்கர் சிறுதானியம் விளையும் என்று கணக்கிடுக.

3. சென்ற ஐந்து வருஷங்களில் வசூலாகாமல் நின்ற பயிர்க்கடனில், தண்ணீர்க் குறைவினால் நின்றது எவ்வளவு?

4. நம் ஊரார் செய்யும் எச்செயலால் கீழூர்க் கண்மாய்க்கு நீர் குறைகிறது? அதை இவ்வருஷம் மழைக்கு முன் நிறுத்த யார் பொறுப்பேற்பர்?